பொத்தானில் இரண்டு தட்டு

ஐந்து ஊர்களின் வயர்லெஸ் ஒரே வலைக்குள் சேர்ந்த வாரத்தில்தான் அந்த வீட்டில் மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

கீழ் வீட்டில் டிரைவரும் அவர் மனைவியும். டிரைவர் என்றால் தீயணைப்பு வண்டி டிரைவர். முன்னங்கையில் பழைய தீக்காயம், தலையில் பாதி நரை, வார்த்தைகளைக் கடன் வாங்கி வந்தவர் போலச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். அவர் மிச்சம் பிடித்ததையெல்லாம் மனைவி செலவழித்துவிடுவார். அதே ஊரின் கன்ட்ரோல் ரூமில் வயர்லெஸ் ஆபரேட்டர் அவர். தீயணைப்பு ஆட்கள் வயது வித்தியாசம் பார்க்காமல் அவரை 'கன்ட்ரோல் அக்கா' என்பார்கள். நாமும் அக்கா என்றே வைத்துக்கொள்ளலாம்.

மாடியில் டிரைவரின் தம்பி, நகராட்சித் தகவல் தொடர்புப் பிரிவில் அதிகாரி. 'இணைப்பு' என்ற சொல் கலக்காமல் அவர் கொட்டாவிகூட விடுவதில்லை என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே இணைப்பு. ஊர்களையெல்லாம் இணைக்கப் புறப்பட்டவருக்கு ஒரு கல்யாணம் மட்டும் இணையவில்லை. ஆகவே மூன்று வேளையும் அண்ணி சமையல்தான். சாப்பிட்டுக்கொண்டே அண்ணிக்கு உத்தியோகம் கற்றுக்கொடுப்பார். அண்ணி கேட்டுக்கொண்டே, கரண்டியைச் சட்டியில் தேவைக்கு அதிகமாகத் தட்டுவார்.

இணைப்பு சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. முந்தின கோடையில் ஊர் எல்லையில் ஒரு மரக்கடை எரிந்தபோது, நம் ஊர் வண்டியும் பக்கத்து ஊர் வண்டியும் பத்தடி தள்ளி நின்றும் ஒன்றோடொன்று பேச முடியவில்லை. இரு தரப்பும் ஒரே தண்ணீர்த் தொட்டிக்குள் குழாயை இறக்கி, தொட்டியை வற்ற வைத்துவிட்டு, மரக்கடையை எரிய விட்டார்கள். அப்புறம்தான் ஐந்து ஊர்களின் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எல்லாமே ஒரே வலையில் பேசுவது என்று முடிவாயிற்று. நல்ல முடிவு. நல்ல முடிவுகளுக்கே உரிய முறையில் அதற்கு ஒரு குழுவும், குழுவுக்கு ஒரு துணைக்குழுவும், துணைக்குழுவுக்குச் செயலாளராக இணைப்பும் அமைந்தார்கள்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். விதிப்படி, கன்ட்ரோல் ஒரு செய்தி சொன்னால் வண்டியில் இருப்பவர் தன் அடையாளத்தைச் சொல்லி, கேட்ட செய்தியைத் திருப்பிச் சொல்லி, நன்றி கூறி முடிக்க வேண்டும். தலைக்கு மேல் சைரன் அலற, ஒரு கையில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நன்றி கூறுகிற மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதனால் மைக்கின் பொத்தானை இரண்டு தட்டு தட்டுவார்கள். பழைய வயர்லெஸ் செட்டில் அது எல்லோர் காதிலும் 'டக் டக்' என்று விழும். கேட்டது, புரிந்தது, உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். எத்தனையோ வருடமாக அந்த ஊரின் தீயெல்லாம் இந்த டக் டக்கில்தான் அணைந்திருக்கிறது. ஆனால் விதிப்புத்தகத்தின்படி அப்படி ஒரு பழக்கம் கிடையாது. மேலதிகாரி கேட்டால் யாருமே தட்டுவதில்லை.

புதிய செட் வேறு ஜாதி. பொத்தானை அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால் ஒரு சின்னக் கூவல் வரும். அதற்கப்புறம் பேசினால்தான் குரல் போகும். சும்மா தட்டினால், கை தெரியாமல் பட்டுவிட்டதென்று இயந்திரம் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தட்டியவன் காதில் மட்டும் ஒரு முனகல் முனகும்.

பயிற்சி வகுப்பு நகராட்சிக் கூட்ட அரங்கில் நடந்தது. திரை, விளக்கப்படம், பிஸ்கட், தேநீர். இணைப்பு ஒரு காலைப் பொழுது முழுக்கப் பேசிவிட்டு, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே சந்தேகம்தான்: தட்டு வேலை செய்யுமா? ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் இத்தனை வருடம் தட்டிக்கொண்டிருந்தோம் என்று ஒப்புக்கொண்டதாகும். முன்வரிசையில் மேலதிகாரிகள் இருந்தார்கள். அக்காவும் கேட்கவில்லை. அவர் காரணம் வேறு. நாலு பேர் நடுவில் கொழுந்தனிடம் சந்தேகம் கேட்டு, "நல்ல கேள்வி, அண்ணி" என்று பட்டம் வாங்குவதைவிட மைக்கை விழுங்கிவிடலாம் என்று அவர் நினைத்தார். அண்ணன் தட்டுகிற ஆள் என்று இணைப்புக்கும் தெரியும். விதியில் இல்லாததைப் பாடத்தில் ஏன் சேர்க்க வேண்டும் என்று அவரும் விட்டுவிட்டார். எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

வலை திறந்த நான்காம் நாள் மெத்தைக் கிடங்கு தீப்பிடித்துக்கொண்டது. மழை மறந்துபோன மாதம். காற்றே அடுப்பு ஊதுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. பஞ்சும் ரப்பரும் எரிகிற புகை கறுப்பாகத் தெருவை மூடியது. முன்வாசலில் ஒரு வண்டி, பின்சந்தில் இன்னொன்று. பின்சந்து வண்டி நம் டிரைவருடையது. ஆட்களை இறக்கிவிட்டு, ஒரு குழாயை இழுத்துக்கொண்டு கிடங்குக்குள் போய்விட்டுத் திரும்பி, பம்பின் பக்கத்தில் நின்று அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்புறக் கூரை தொங்குகிறது என்று போலீஸ்காரர் ஒருவர் வயர்லெஸ்ஸில் சொன்னது அக்காவுக்கு உடனே கேட்டது. அது புதிய வலையின் புண்ணியம். எல்லோரும் வெளியே வாருங்கள், வந்ததை ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார் அக்கா. மற்றவர்கள் வாயால் சொன்னார்கள். டிரைவர் இரண்டு தட்டு தட்டினார். செட் முனகியது. புது செட், புது மாதிரி முனகும்போல என்று நினைத்துக்கொண்டு பம்பைப் பார்த்தார். அக்காவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். டிரைவர் மறுபடி தட்டினார். மூன்றாம் தடவையும் அதே கதை. ஒரு ஆள் மூன்று அழைப்புக்குப் பதில் தராவிட்டால் காணவில்லை என்று அறிவிக்க வேண்டும் என்பது விதி. அக்கா அறிவித்தார். பதில் சொல்லியாயிற்று என்ற நிம்மதியில் டிரைவர் அதற்குள் செட்டை விட்டுப் பம்பின் இரைச்சலுக்குள் குனிந்திருந்தார். குரல் நடுங்கவில்லை என்று அன்று பக்கத்து மேசையில் இருந்தவள் பிற்பாடு சொன்னாள்.

முன்வாசலில் நின்ற தீயணைப்புக் குழாய்க்காரர், டிரைவரோடு ஒரே வருடம் வேலையில் சேர்ந்தவர். டிரைவர் குழாயோடு பின்வழியே கிடங்குக்குள் வந்ததை, அப்போது உள்ளே இருந்த அவர் பார்த்திருந்தார்; திரும்பிப் போனதைப் பார்க்கவில்லை. அறிவிப்பைக் கேட்டதும் யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்தார். கூரை அவர் மேல் இறங்கியது. இடுப்பு எலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. வலையில் சத்தம் கேட்ட பக்கத்து ஊர் ஆம்புலன்ஸ் நம் ஊருடையதற்கு முன்பே வந்து அவரை அள்ளிக்கொண்டு போனது. உயிர் தங்கியது.

பத்திரமாக இருந்த ஆளைக் காணவில்லை என்று அறிவித்தது ஏன்? விசாரணை வைத்தார்கள். விசாரணைக்கு முன்பே விடை தயாராகிவிட்டது: உள்ளே இருந்தது கணவர் என்பதால் ஆபரேட்டர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார். அக்காவை அந்த நாற்காலியிலிருந்து எடுத்துக் குடிநீர்ப் புகார் தொலைபேசியில் உட்காரவைப்பதென்று பேச்சு. 'உணர்ச்சிவசப்பட்ட நிலை' என்ற அருமையான சொல்லைக் குழுவுக்குத் தந்தவர் கொழுந்தன்தான் என்பது கன்ட்ரோல் ரூம் தேநீர்க்காரர் வரைக்கும் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து மாடிக்குச் சாப்பாடு நின்றது. இணைப்பு பொட்டலம் வாங்கி வந்து மாடியில் தின்றார். அக்கா கன்ட்ரோல் ரூமிலேயே ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டார். டிரைவர் அடுப்படியில் நின்றுகொண்டு, இருப்பதைச் சாப்பிட்டார்.

கூப்பிட்டேனே, கேட்கவில்லையா என்று அக்கா முதல் நாளே கேட்டார். புகையில் ஒன்றும் கேட்கவில்லை என்று டிரைவர் சொன்னார். அது பொய். ஏன் சொன்னார் என்றால், ஆஸ்பத்திரியில் கிடக்கிற நண்பனின் இடுப்பை உடைத்தது தன் கட்டைவிரல் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிறகு மாடிக்குக் கூப்பிட்டுத் தம்பி தைரியம் கொடுத்தார். தட்டியது வெளியே வந்தால் பயிற்சி சரியில்லை என்பார்கள், ஐந்து ஊர் ஏற்பாடும் நின்றுவிடும், அண்ணனுக்கும் வண்டி போகும், அண்ணிக்கு மேசைதானே மாறப்போகிறது என்றார். டிரைவர் தலையாட்டினார். ஆட்டுவது அவருக்குச் சுலபம்.

அக்கா ஒருநாள் முட்டையும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். குழாய்க்காரர் காலைக் கயிறு கட்டித் தூக்கியிருந்தார்கள். அவர் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர் யாரென்று பார்த்ததும் ஸ்டூலோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கையில் கொடுத்த பையை வாங்கவில்லை. இவள் அலறாமல் இருந்திருந்தால் என் வீட்டுக்காரர் நடந்துகொண்டிருப்பார் என்று சுவரிடம் சொல்லிவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

"அவ கிடக்கறா, உட்காருக்கா" என்றார் குழாய்க்காரர். "உன் மேல தப்பில்ல. பதில் வரலைன்னா நீ வேற என்ன பண்ணுவ?"

"அதானே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல, அந்த மனுஷன்."

குழாய்க்காரர் சிரித்தார். சிரித்தால் இடுப்பு வலித்தது போலும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"யாரு, அவனா? இத்தனை வருஷத்துல செட்டுல அவன் குரலைக் கேட்டிருக்கியா நீ? தட்டியிருப்பான்."

அக்கா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். உரித்த முட்டையைத் திரும்ப ஓட்டின் மேலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் பின்கட்டில் பூட்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெயில் சுவரை விட்டு இன்னும் இறங்கவில்லை.

"எத்தனை தட்டு தட்டினீங்க?"

பிரஷ் நின்றது.

"ரெண்டுதானே?"

"ம்."

"மூணு தரமும்?"

"ம்."

"புகைல ஒண்ணும் கேக்கலைன்னீங்க."

டிரைவர் பிரஷிலிருந்த மண்ணை உதறினார்.

"தம்பிக்குத் தெரியுமா இது?"

டிரைவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். அது போதுமாயிருந்தது.

கோபம் ஏற ஏற அக்காவுக்கு மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் 'டேய் தம்பி, சோறு ஆறுது' என்று கூப்பிடுகிறவர், படிக்கட்டுக்கு அடியில் நின்று குரல் கொடுத்தார்:

"தம்பி, தயவு பண்ணிக் கொஞ்சம் கீழே வந்துட்டுப் போறீங்களா?"

இணைப்பு வந்தார். கையில் பாதி தின்ற பொட்டலம். விஷயத்தைக் கேட்டதும் தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, உணர்ச்சிவசப்படாம கேளுங்க."

இதைவிட மோசமான ஒரு தொடக்கத்தை அவர் தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. தானே உணர்ந்து அவசரமாகத் தொடர்ந்தார்.

"தனி ஆளைப் பார்க்காதீங்க. அஞ்சு ஊரு ஜனங்களைப் பாருங்க. இந்த இணைப்பு இல்லைன்னா குழாய்க்காரர் இன்னைக்கு இல்ல. பக்கத்து ஊரு ஆம்புலன்ஸ் எப்படி வந்துச்சு?"

"வந்துச்சு. நான் இல்லேங்கலையே. உங்க இணைப்பு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு முட்டுக்கொடுக்க என் தலைதான் கிடைச்சுதா?"

"தலையெல்லாம் யாரு கேட்டா? குடிநீர்ப் புகாரும் மக்கள் சேவைதான், அண்ணி. வேலை நேரமும் குறைச்சல்."

"அப்படியா? அப்ப நீங்க போய் உட்காருங்க."

இணைப்பு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் பூட்ஸைப் பார்த்தார்.

"அண்ணனுக்கு வண்டி போயிடும்" என்றார் இணைப்பு.

"போகட்டும். எனக்குப் பைத்தியம்னு பேரு வாங்கிக் கொடுத்துட்டு இவர் என்ன வண்டி ஓட்டறது?" அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "புதன்கிழமை விசாரணை. நான் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். பாசம்னு நினைச்சுக்காதீங்க. நான் சொன்னா, பொண்டாட்டி தப்பிக்கறதுக்காகப் புருஷன் மேல பழி போடறான்னு எழுதுவாங்க. இதோ, இவரே அழகா எழுதுவார். நீங்க சொன்னாத்தான் செல்லும். சொல்லலைன்னா நான் பாட்டுக்குக் குடிநீர்ப் புகார் எடுத்துக்கறேன். ஆனா வேலைக்கு இந்த வீட்டுல இருந்து போக மாட்டேன். எங்க அக்கா வீட்டுல இருந்து போவேன்."

புதன்கிழமை வரை யாரும் யாரிடமும் பேசவில்லை. டிரைவருக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது என்று சொல்லலாம். ஆனால் அவர் இரண்டு தடவை முகம் மழித்தார், ஒரே காலையில்.

விசாரணை, பயிற்சி நடந்த அதே அரங்கில். தலைவராக ஓய்வுபெற்ற ஒரு தீயணைப்பு உயரதிகாரி. மார்பில் பதக்கம், முன்னால் மூடி திறக்காத தண்ணீர் பாட்டில். நாட்டின் பாதுகாப்பு, நவீன யுகம், ஒழுங்கு ஆகிய மூன்றைப் பற்றியும் முதலில் பேசிமுடித்தார். மேலே மின்விசிறி அவர் சொன்னதை அரைத்துக்கொண்டிருந்தது. செயலாளர் நாற்காலியில் இணைப்பு. பின்னால் நிலையங்களிலிருந்து வந்த ஆட்கள்.

அக்காவை முதலில் அழைத்தார்கள். கணவர் என்று தெரிந்ததும் மனம் பதறியதா என்று கேட்டார் தலைவர், குரலில் தகப்பன்மாதிரி ஒரு கருணையைக் கலந்து. மூன்று தடவை கூப்பிட்டேன், பதில் வரவில்லை, விதிப்படி அறிவித்தேன் என்றார் அக்கா. பதறியதா என்று மறுபடி கேட்டார் தலைவர். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அவர் இங்கதான் இருக்கார். அவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

டிரைவர் எழுந்தார்.

"மூணு தரம் கூப்பிட்டிருக்காங்க. உங்க காதுல விழுந்துதா?" என்றார் தலைவர்.

டிரைவர் தலையாட்டினார்.

"தலையாட்டினா பதிவுல ஏறாது. வாயைத் திறந்து சொல்லுங்க."

டிரைவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தண்ணீர் பாட்டிலின் மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"விழுந்துது."

"அப்புறம் ஏன் பதில் சொல்லலை?"

"சொன்னேங்க. ரெண்டு தட்டு."

பின்வரிசையில் எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்தார்கள்.

"ரெண்டு தட்டுன்னா?"

"மைக் பொத்தானைத் தட்டறதுங்க. கேட்டுச்சுன்னு அர்த்தம். மூணு தரமும் தட்டினேன். பேசலை. பேசியிருந்தா அவங்களுக்குக் கேட்டிருக்கும்."

"இப்படி ஒரு பழக்கம் நம்ம துறையில இருக்கறதா நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"உங்ககிட்டதாங்க கத்துக்கிட்டேன்" என்றார் டிரைவர். "நீங்க எங்க நிலையத்துல இருந்தப்போ."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் தொற்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் போயிற்று. தலைவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

இணைப்பு எழுந்து உதவிக்கு வந்தார். புதிய வலையில் சின்ன அழுத்தங்கள் தானாகவே நிராகரிக்கப்படும், அது குறை அல்ல, சிறப்பம்சம் என்றார். இதைப் பயிற்சியில் சொன்னீர்களா என்று தலைவர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார் இணைப்பு.

"நானும் கேக்கலை" என்றார் அக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "தெரிஞ்சே கேக்கலை. கொழுந்தன்கிட்ட கேக்கறதான்னு வீம்பு. அது என் தப்பு, பதிவுல ஏத்திக்கோங்க. ஆனா பதறினேன்னு மட்டும் எழுதாதீங்க. உள்ள இருந்தது என் எதிரியா இருந்தாலும் அதே குரல்லதான் சொல்லியிருப்பேன்."

முடிவு ஒரு வாரத்தில் வந்தது. ஆபரேட்டர் விதிப்படி நடந்தார். அவர் நாற்காலி அவருக்கே. டிரைவர் வண்டியிலிருந்து இறக்கப்பட்டு, குழாய் உலர்த்தும் முற்றத்துக்கு மாற்றப்பட்டார். பயிற்சி சிறப்பாக நடந்தது என்பதால் அதை இன்னொரு முறை நடத்தும்படி இணைப்பு கேட்டுக்கொள்ளப்பட்டார். கூடவே ஐந்து ஊர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று: எக்காலத்திலும் இருந்திராத இரண்டு தட்டுப் பழக்கம் இன்று முதல் அடியோடு நிறுத்தப்படுகிறது.

முடிவு தெரிந்த அன்று சாயங்காலம் டிரைவர் வீட்டுக்கு வந்தார். பல நாளைக்குப் பிறகு அடுப்படியில் வதக்குகிற வாசனை. கையைக் கழுவிக்கொண்டு உட்காரப் போனார்.

"சாப்பாடு இருக்கு" என்றார் அக்கா. "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க."

டிரைவர் அவரைப் பார்த்தார்.

"சுற்றறிக்கை வார்டுக்கெல்லாம் போகாது. அங்க இன்னும் நான்தான் குத்தவாளி. அந்தப் பொம்பளை என் முகத்துல முழிக்கறதில்ல. போய் அவகிட்டச் சொல்லிட்டு வாங்க. நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு உட்காராதீங்க."

மாடிப்படியில் இறங்கிவந்த இணைப்பு, வாசனையை நம்பிப் பாதி வழி வந்தவர், இதைக் கேட்டுவிட்டு அப்படியே மேலே ஏறினார்.

வார்டில் பார்வையாளர் நேரம். குழாய்க்காரர் முகம் கொஞ்சம் தேறியிருந்தது. அவர் மனைவி டிரைவருக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அவர்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. டிரைவர் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டா. நான் கேட்டேன். பேசாம தட்டினேன். அது போகலை. அதனாலதான் இவன் உள்ள போனான்."

அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுவாக இருக்கலாம்.

"எனக்குத் தெரியும்டா" என்றார் குழாய்க்காரர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "இவகிட்டச் சொல்லலை."

அவள் கணவனை ஒரு தடவை பார்த்தாள். டிரைவரை ஒரு தடவை பார்த்தாள். துடைத்துப் போட்ட ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து செய்தித்தாள் மூடிய பெட்பேனை எடுத்து அவர் இரண்டு கையிலும் வைத்தாள்.

"வராண்டா கடைசில கழுவற இடம். நல்லா அலசிக் கொண்டாங்க. காலைலயும் வந்துடுங்க. நான் வீட்டுக்குப் போய்க் குளிக்கணும்."

வண்டியில் எந்தத் திருப்பத்திலும் வேகம் குறைக்காத டிரைவர், வராண்டாத் திருப்பத்தில் நின்று, எதிரே வந்த நர்ஸுக்கு வழி விட்டு, தளும்பாமல் நடந்தார்.